அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வர வேண்டும்

அன்பும் அதட்டலும் ஒருநாளும் குறையாத அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை வரை அப்படியே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உனக்கு உடம்புக்கு முடியாமல் போக வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், தம்பி பக்கத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றும் அளவுக்கு ஒரு காய்ச்சல் போதும். படுத்துக்கொண்டே எங்கள் பகுதிக் கல்வி மையத்துக்கு ஒரு போன் போட்டு, கொஞ்சம் முனகலும் சேர்த்து, தம்பியை உடனே அனுப்பி வையுங்கள் என்று அதன் செயலாளரிடம் சொல்லிவிட்டால் என் மானம் தப்பிக்கும். என் மானம் மட்டும் என்றால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், அது ஏற்கெனவே கப்பலேறிப் பாதி தூரம் போய்விட்டது. ஒரு தாயும் பிள்ளையும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு திட்டு.

இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டு எத்தனை காலமாகிறது? நான் "அக்கா" என்று வாயெடுப்பதற்குள் நீ உன் நீச்சல் வகுப்பில் குதித்து, சதுரங்க வகுப்பில் கரையேறி, அத்தானின் குறட்டையைப் பற்றி முழு விவரமும் கொடுத்து, "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சுகத்துக்காகவே இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நன்றாக யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான். நான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, சும்மா உட்கார்ந்தால் துருப் பிடித்துவிடுவாய், எதையாவது கற்றுக்கொள், எதையாவது கற்றுக்கொள் என்று ஒற்றைக் காலில் நின்றாய். நீ இந்த வயதில் நீச்சல் கற்றுக்கொண்டவள், உனக்கென்ன. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று ஊரையே உள்ளே அனுப்புவதுதான். போதாக்குறைக்கு என் விரல்கள் வேறு மக்கர் செய்ய ஆரம்பித்தன. காலமெல்லாம் டிக்கெட் கிழித்து, நோட்டுகளை விரலிடுக்கில் செருகி, ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியதற்கு அவை இப்போது பழி வாங்குகின்றன. வலது கை நடுவிரல் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. எலும்பு டாக்டர் அதை இழுத்தும் வளைத்தும் பார்த்தார், நான் கத்தியும் பார்த்தேன், கடைசியில் அவர் விரலுக்கு வேலை கொடுங்கள், உங்கள் கல்வி மையத்திலேயே பெரியவர்களுக்கு விரல் பயிற்சி சொல்லித்தருகிறார்கள் என்றார். டாக்டரும் அக்காவும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் மனிதன் எங்கே ஓடுவான்? மறுநாள் மாலையே கிளம்பினேன்.

மையம் நூலகத்தின் மாடியில் இருக்கிறது. மாலையானால் அங்கே ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். ஒரு அறையில் தையல், ஒரு அறையில் கம்ப்யூட்டர், நடுக்கூடத்தில் உடல் எடை குறைப்பு. எடை குறைப்புக்குத்தான் கூட்டம், படிக்கட்டு வரை நிற்கிறார்கள். நான் மேலே ஏறிப் போனபோது வரவேற்பில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று நாகரிகமாக இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை நெளித்துக் காட்டி, எங்கே என்பது போலப் புருவத்தை உயர்த்தினேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள், புரிந்துகொண்டவளாகத் தலையாட்டினாள், தாழ்வாரத்தின் கோடி அறையைக் காட்டினாள், என் பெயரையும் எழுதிக்கொண்டாள். அவள் மேல் குற்றமில்லை. வாயைத் திறக்காமல் விரலைக் காட்டி வழி கேட்கும் மனிதனை அவள் வேறு எங்கே அனுப்புவாள்? அது சைகை மொழி வகுப்பு, அக்கா. காது கேளாதவர்கள் கையால் பேசும் பேச்சைச் சொல்லித்தரும் வகுப்பு. இந்த விஷயம் எனக்கு மட்டும் வெகுநாள் தெரியவில்லை.

எப்படித் தெரியாமல் போகும் என்று நீ கேட்பது இங்கே வரை கேட்கிறது. முதலாவது, பழக்க தோஷத்தில் நான் கதவோரக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து கரும்பலகையில் எழுதியிருப்பது ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனால் வயதாகிவிட்டது என்று நினைப்பார்களே என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். இரண்டாவது, ஆசிரியை. பகலில் ஒரு படச்சட்டக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை செய்கிறவர். பிறந்ததிலிருந்தே காது கேளாதவர், வகுப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார், நம்மையும் பேசவிட மாட்டார். வாயை மூடினால்தான் நரம்பெல்லாம் விரலுக்கு இறங்கும் போலிருக்கிறது என்று நானாக ஒரு மருத்துவ விளக்கம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு விரலாக மடக்குவார், நீட்டுவார், மார்பில் தட்டுவார், நெற்றியில் தொடுவார், நானும் செய்வேன். நான் குனிந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டு செய்தால் பக்கத்தில் வந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்துவார். கழுத்துக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கிறார், தங்கமான மனுஷி என்று வீட்டில் வந்து புகழ்ந்தேன். எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். சுவிட்சில் கோளாறு என்று நினைத்து ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி பல்பை இறுக்கிவிட்டு வந்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நன்றியோடு பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, வகுப்போடு போயிருந்தால் பரவாயில்லை. தினமும் பயிற்சி செய்தால்தான் விரல் நிமிரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அதனால் மாலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருக்கும் சாவிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்வேன். அந்தச் சாவிக்கடைக்காரர் யாரிடமும் அதிகம் பேசாமல் மெஷினில் சாவி தேய்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பையிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். என்ன மரியாதையான மனிதர் என்று வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாளும் அதே பயிற்சி, மறுநாளும் பன். அந்த வாரம் முழுக்க அவர் பாதி வயிறு, நான் ஒன்றரை வயிறு. அடுத்த வாரம் பாடம் மாறியது. அன்று அவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி, மருந்துக்கடையிலிருந்து வலி மாத்திரையும் தண்ணீரும் வாங்கி வந்து என் வாயில் போடாத குறையாக நின்றார். அதற்கும் அடுத்த வாரம் நான் மார்பைத் தொட்டு, கையை அசைத்து, மிகவும் சிரமப்பட்டு ஒரு வரிசையைச் சுத்தமாகச் செய்து முடித்தபோது அந்த மனிதர் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலை செய்து களைத்திருக்கிறார் பாவம் என்று நானும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

உண்மை வெளியானது போன வாரம். ஆசிரியை ஒரு விருந்தாளியை அழைத்து வந்திருந்தார், எங்களோடு பேசிப் பழக. யார் என்று பார்த்தால் சாவிக்கடைக்காரர். அவருக்கும் காது கேட்காது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, பையைத் திறந்து, பன்னை எடுத்து நீட்டினார். பிறகு ஆசிரியையிடம் கையால் மளமளவென்று என்னவோ சொன்னார். ஆசிரியை நம்பாமல் என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார், மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வரவேற்புப் பெண்ணை அழைத்து வந்து விளக்கம் சொல்ல வைத்தார்கள். நான் ஒரு வாரம் பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். மூன்றாவது வாரம், எனக்கு யாரும் இல்லை, நீங்கள்தான் என் அண்ணன் என்று சொல்லியிருக்கிறேன். மனிதர் என்னைவிட வயதில் சிறியவர், அக்கா. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று நின்றேன். டாக்டர் சொன்ன விரல் பயிற்சி காலையில், கீழ்த்தளத்தில், பந்தை வைத்துப் பிசையும் வகுப்பாம்.

அசடு வழிய எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று முடிவு. பாதிப் படியில் யாரோ பின்னால் ஓடி வரும் சத்தம். வகுப்பில் என் முன் நாற்காலியில் உட்காரும் பெண். பேக்கரியில் ரொட்டி போடுகிறவள், எப்போதும் சட்டைக் கையில் கொஞ்சம் மாவு இருக்கும். அவளுக்கு ஒரு மகள், பள்ளிக்குப் போகும் வயதுகூட முழுதாக வரவில்லை, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மாலையில் பிள்ளையையும் வகுப்புக்கே கூட்டி வருவாள். அது எங்கள் செருப்புகளை எல்லாம் ஜோடி மாற்றி அடுக்கிவிட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

"அண்ணா, நீங்க போனா வகுப்பு நின்னுடும்" என்றாள் மூச்சு வாங்க. "ஏழு பேர் இருந்தாத்தான் அறை குடுப்பாங்களாம். நாம சரியா ஏழு பேர்தான் இருக்கோம்."

எனக்குப் பதிலாக வேறு யாராவது வருவார்கள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பகல் நேரத்துக் குழந்தைகள் பள்ளியில் அவள் மகள் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு சரசரவென்று முன்னே போய்க்கொண்டிருக்கிறதாம். பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டது, தாய்க்குத்தான் புரியவில்லை. பேக்கரி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஒத்துவருவது இந்த ஒரு வகுப்புதான்.

"ராத்திரி படுக்கும்போது என்னமோ ஒண்ணு கேக்குறா அண்ணா. தினமும் அதையேதான் கேக்குறா. எனக்குப் புரியல. டீச்சர்கிட்ட செஞ்சு காட்டினேன், நான் தப்பாக் காட்டுறேன் போல, அவங்களுக்கும் புரியல. டீச்சர் கேட்டா இவ வாயே... கையே திறக்க மாட்டேங்குறா. தலைய மட்டும் ஆட்டிட்டு, திரும்பிப் படுத்துக்கிறா."

எத்தனையோ ஆயிரம் பேரை நிறுத்தம் தவறாமல் இறக்கிவிட்டவன், இவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடலாமா? பிறகு மேலே ஏறிப் போய், இந்த முறை முன்வரிசையில் உட்கார்ந்தேன். கண்ணாடியையும் எடுத்துவரச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்தேன்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் உனக்குக் காய்ச்சல் தேவைப்பட்டிருக்காது. செயலாளர் வந்து சேர்ந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படிக்கட்டில் நிற்கும் எடை குறைப்புக் கூட்டத்தை எங்கேயாவது நுழைக்க வேண்டிய கவலை அவருக்கு. எங்கள் அறையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு, வகுப்பில் யாரோ ஒருவர் எதற்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் வந்துபோனதாகக் கேள்விப்பட்டேன் என்றார். நான் கூரையைப் பார்த்தேன். "சும்மா வந்து உக்காந்துட்டுப் போறவங்களைக் கணக்குல சேர்க்க முடியாதுங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு சின்ன தேர்வு. உண்மையிலேயே கத்துக்கிறவங்க ஏழு பேர் இருந்தா அறை உங்களுக்கு" என்று முடித்துவிட்டார். தேறாதவர் பெயர் அடிபடும். ஒருவர் குறைந்தாலும் வகுப்பு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனவர் மட்டும் தேர்வு எழுதாமலே கணக்கில் இருப்பார். இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே, பாசத்தில்தான் வந்தது.

படித்துத் தேற வேண்டியதுதானே என்கிறாயா? முயற்சி செய்யாமலா எழுதுகிறேன்? வாரக்கணக்கில் அர்த்தமே தெரியாமல் செய்த அசைவுகளுக்கு இப்போது அர்த்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. எல்லாமே கலந்து கிடக்கிறது. உன் தம்பி பெண்டாட்டியை எதிரே உட்கார வைத்து, தண்ணீர் கொடு என்று கையால் கேட்டேன். அவள் ஆசிரியை இப்போது கொடுத்த சைகைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் அவளை மாமா என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்லப் போய் மீன் என்று சொன்னேனாம். அவளோ அந்தப் புத்தகத்தைப் பார்த்தே என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டு, சமையலறையிலிருந்து கையாலேயே என்னைத் திட்டுகிறாள், முன்பெல்லாம் காதை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம், இப்போது கண்ணையும் மூட வேண்டியிருக்கிறது. சரியாகச் செய்கிற வார்த்தையையும் இந்த நடுவிரல் கெடுத்துவிடுகிறது. நான் தோற்றால் சிரித்துவிட்டுப் போவார்கள், அது எனக்குப் புதிதில்லை. அந்தப் பேக்கரிப் பெண் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பார்ப்பாளே, அதைத்தான் தாங்க மாட்டேன்.

ஆகவே அக்கா, சிறுவயதிலிருந்து எனக்காக நீ செய்த எத்தனையோ காரியங்களோடு இந்தக் காய்ச்சலையும் சேர்த்துக்கொள். முனகல் உனக்கு வராவிட்டால் போனை அத்தானின் குறட்டைக்குப் பக்கத்தில் வை, செயலாளர் பயந்துவிடுவார். அத்தானுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லாரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கலாக.

உன் பேச்சைத் தட்டாமல் கேட்டு இந்த நிலைமைக்கு வந்த,
தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியிருப்பதில் எதையும் செய்து வைக்காதே. காய்ச்சல் வேண்டாம், முனகல் வேண்டாம், நன்றாக இரு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உன் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்திருந்தேன். அவள் அதைத் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "பொய்க்கு இவ்வளவு எழுதின நேரத்துல நாலு வார்த்தை பழகியிருக்கலாம்" என்றாள். இப்போதுதான் திருப்பிக் கொடுத்தாள். எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, கிழிக்கிற வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தாயிற்றே. அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. செயலாளர் பேனாவோடு முன்னால் உட்கார்ந்தார். ஆசிரியை கரும்பலகையில், தேர்வு நடத்தப்போவது நானில்லை, இவள்தான் என்று எழுதிவிட்டு, அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி மேஜை மேல் உட்கார வைத்தார். செயலாளர் ஏதோ சொல்ல வந்தார். ஆசிரியை கீழே இன்னொரு வரி எழுதினார்: நீங்கள் சொல்வது அவளுக்குப் புரிந்தால் நீங்கள் பேசுகிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொருவராகப் போய் அவளிடம் எதையாவது கேட்டு, பதில் வாங்க வேண்டும். மிகவும் கறாரான பரீட்சை அதிகாரி. புரியாவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறாள். ஆனாலும் என்ன நிறம் பிடிக்கும், நாய் பிடிக்குமா என்று கேட்டு மற்றவர்கள் எப்படியோ தேறிவிட்டார்கள். பேக்கரிப் பெண்ணும் தேறினாள்.

என் முறை வந்தது. படித்த அத்தனையும் சேர்ந்து ஒரே வாசலில் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. வேறு எதுவும் தோன்றாமல், காலமெல்லாம் எல்லாரிடமும் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டேன். எங்கே போகணும்? என் விரலைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. மேஜையிலிருந்து இறங்கி வந்து, இரண்டு கைகளாலும் என் நடுவிரலைப் பிடித்து, வலிக்க வலிக்க நிமிர்த்தி வைத்தாள். அது மறுபடி மடங்கியது. ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒரு பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பின்னாலிருந்து அவள் அம்மா எழுந்துவிட்டாள்.

"இதுதான். ராத்திரி இதைத்தான் கேக்குறா" என்றாள். வகுப்பில் வாயைத் திறந்து பேசக் கூடாது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

ஆசிரியை பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். பாதி பள்ளியில் கற்றது, பாதி அவளாகவே உண்டாக்கிக்கொண்டதாம், அதனால்தான் அது யாருக்கும் புரியவில்லை. ஆசிரியை போய்ப் பலகையில் எழுதினார்: அம்மா இருட்டில் என்னை விட்டுவிட்டுப் போகிறாளே, அந்த இடத்துக்கு. அது எங்கே இருக்கிறது?

அக்கா, விடியுமுன்னே பேக்கரி வேன் வந்துவிடும், அந்தப் பெண் தூங்குகிற பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போகிறவள். கண் விழித்தால் அம்மா இருக்க மாட்டாள். எங்கே போனாள், வருவாளா என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை, சொல்லும் வார்த்தை யாரிடமும் இல்லை. அதைத்தான் அவள் ஒவ்வொரு நாளும் படுக்கும்போது கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. ரொட்டி. சூடு. நிறையப் பேர் சாப்பிட. வெயில் சாய்ந்தால் வருவேன். பிள்ளை யோசித்துவிட்டு ஒன்று கேட்டாள். அது எனக்கே புரிந்தது, அக்கா. தினமுமா என்று கேட்டாள். தினமும் என்றாள் அம்மா.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, இவர் தேறிவிட்டாரா என்று என்னைக் காட்டினார். ஆசிரியை பொய் சொல்லத் தெரியாதவர். விரல் சரியில்லை, பேச்சு சரி என்று பலகையில் எழுதினார். அறை எங்களுக்குத்தான். எட்டாவது ஆளாக உன் தம்பி பெண்டாட்டியும் சேர்ந்துவிட்டாள், எடை குறைப்புக் கூட்டத்தை அந்தப் படிக்கட்டிலேயே ஏறி இறங்கச் சொன்னால் போதுமே என்று செயலாளருக்கு ஆலோசனையும் சொல்லியிருக்கிறாள். சாவிக்கடைக்காரருக்கு நான் பட்ட கடனுக்குத் தினமும் ஒரு பன் வாங்கிப் போகிறேன். அவர் என்னை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், நானும் திருத்தவில்லை.

நேற்று பேக்கரிப் பெண்ணுக்கு விடுமுறை. அம்மா போகும் இடத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினாள். பேக்கரி வேனில் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். பேருந்தைப் பற்றி என்னைவிட யாரைக் கேட்பது? முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே வகுப்பில் கையாலேயே கேட்டாள். நானும் கையாலேயே ஐந்து என்று சொன்னேன், நானும் வருகிறேன் என்றும் சொன்னேன். நடுவிரல் மடங்கியிருந்ததால் ஐந்து அவளுக்கு நான்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்டிக்கு முன்கூட்டியே போய்விடும் என் வழக்கப்படி நானும் சீக்கிரமே போனேன், பார்த்தால் தாயும் மகளும் எனக்கு முன்பே வந்து குளிரில் நிற்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை மீன் வரவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சமும் கோபமில்லை. பேருந்து வரும் வரைக்கும் தெருவிளக்கு, நிலா, பூட்டிய கடை, எங்களை மோந்து பார்த்த நாய் என்று ஒவ்வொன்றையும் காட்டி, அதற்கான வார்த்தையை எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், நாங்கள் தப்புச் செய்தால் கையைப் பிடித்துத் திருத்தினாள். தூரத்தில் பேருந்தின் வெளிச்சம் தெரிந்ததும், பழக்க தோஷத்தில் நான் குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எங்களுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். பேருந்து நின்றது.